யார் கொடுத்த பணம்?

கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று வாங்கித் தருபவர், வெளிச்சத்தை மறைத்தேனும் ‘உபயம்’ என்று தம் பெயரை எழுதிவைக்கும் நாடு இது! கட்சிகளுக்குக் கோடிகளைக் கொட்டிய கம்பெனிகளுக்கு மட்டும் பெயர் வெளிவராதிருக்கச் சட்டமே திரை பிடித்தது. ஏன் இந்த அடக்கம்? வரலாற்றைப் புரட்டுவோம்.

1957-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க இடந்தரும் வகையில் தன் அமைப்பு விதியைத் திருத்த முனைந்தது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, சட்டம் தடுக்கவில்லை என்று திருத்தத்தை ஏற்றார்; ஆயினும், இப்பழக்கம் வளர்ந்தால் குடியாட்சியின் குரல்வளையையே நெரித்துவிடும் என்று எச்சரித்தார்.

1960-இல் சட்டம் திருத்தப்பட்டது. நன்கொடைக்கு உச்சவரம்பு வந்தது. தொகையையும் கட்சியின் பெயரையும் இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற கடமையும் வந்தது. 1969-இல் நன்கொடையே தடை செய்யப்பட்டது. பணம் நின்றதா? இல்லை, கணக்கில் வராத வழியே நடந்தது! 1985-இல் தடை நீங்கிற்று, கணக்குக் காட்டும் கடமையும் மீண்டது.

2017-இல் உச்சவரம்பும் போயிற்று. கட்சியின் பெயரைச் சொல்லும் கடமையும் போயிற்று. 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது. 16,500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. கொடுப்பவர் பழிவாங்கப்படலாகாது என்பதற்கே இந்த மறைப்பு என்றனர். யாரிடமிருந்து மறைப்பு? விற்ற வங்கி அரசின் வங்கி. பத்திரத்திலோ கண்ணுக்குத் தெரியாத எண்! ஆள்வோர் அறிய வழியிருந்தது; வாக்களிப்போர் அறியத்தான் வழியில்லை.

15-2-2024 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக இத்திட்டத்தை வீழ்த்தினர். எவர் பணத்தில் எக்கட்சி இயங்குகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றனர். வங்கி ஜூன் 30 வரை தவணை கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. மார்ச்சு மாதத்திலேயே பட்டியல் வெளிவந்தது.

கணக்கேட்டில் ஒரு வரி! அந்த ஒரு வரிக்குத்தான் 1957 முதல் இத்தனை வழக்கு, இத்தனை வாதம். தோழர்களே, அந்தப் பட்டியலைப் படிப்பகங்களில் வைத்துப் படிப்போம். கொடுத்த கம்பெனி பிறகு எந்த ஒப்பந்தம் பெற்றது, எந்தச் சலுகை பெற்றது என்று ஒப்பிடுவோம். நமக்கு உகந்த கட்சியின் பெயர் அதில் இருந்தாலும் கண்ணை மூடலாகாது. பிறரிடம் மட்டும் கணக்குக் கேட்பது பகுத்தறிவன்று, பக்தி!