அபே துபுவாவின் புத்தகமும் என் கணக்கெடுப்புப் படிவமும்

பூரணாங்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்வந்த நாட்களில், ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கையில் கிடைத்தது. இந்துக்களின் பழக்கவழக்கங்கள், சடங்குகள் பற்றி அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதியது. நம் கல்யாணம், கருமாதி, தீட்டு, சகுனம் எல்லாம் அதில் இருந்தன. 'எங்கிருந்தோ வந்த மனுஷன் இவ்வளவு தெரிந்துகொண்டாரே' என்று வாயைப் பிளந்தேன். அந்த வியப்பு பாதி தவறான ஆள்மேல் என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

துபுவா 1792-இல் புதுச்சேரிக்கு வந்தவர். திப்பு வீழ்ந்தபின் மைசூர்ப் பக்கம் போய் அங்கேயே தங்கினார். தலைப்பாகை கட்டினார், நம்மவர் போல உடுத்தினார், நம்மவர் போலவே உண்டார். தான் ஜனங்களோடு ஜனமாக வாழ்ந்து கண்டறிந்ததாகச் சொல்லிக்கொண்டார். மைசூரில் ரெசிடெண்டாக இருந்த வில்க்ஸ் துரை அவருடைய கையெழுத்துப் பிரதியைச் சென்னைக்குச் சிபாரிசு செய்ய, 1807-இல் கம்பெனி அரசாங்கம் 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து அதை வாங்கியது. 1816-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. 1897-இல் பீச்சம் புதிதாக மொழிபெயர்த்த பதிப்புக்கு மாக்ஸ் முல்லரே முன்னுரை தந்தார். நம்மை ஆள வந்த துரைமார்கள் நம்மைப் படித்துக்கொண்ட புத்தகங்களில் இது முக்கியமான ஒன்று.

இனி கதையின் மறுபக்கம். துபுவா வருவதற்கு முன்பே கேர்து என்று ஒரு சேசு சபைப் பாதிரியார் இங்கே இருந்தார். 1732-இல் இந்தியா வந்து, 1779-இல் புதுச்சேரியிலேயே காலமானவர். சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் இத்தனை பொதுச் சொற்கள் எப்படி வந்தன என்று 1767-லேயே பாரிஸுக்கு எழுதிக் கேட்டவர். வில்லியம் ஜோன்ஸ் அதையே சொல்லிப் பேர் வாங்கியது 1786-இல். கேர்துவின் கடிதம் அச்சேறியதோ 1808-இல்தான்! சிலருடைய ஜாதகம் அப்படி.

அந்தக் கேர்து நம் பழக்கவழக்கங்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதி வைத்திருந்தார். 1773-இல் சேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். சில வருடங்களில் இங்கிருந்த மிஷன், பிற்பாடு துபுவா சேர்ந்திருந்த பாரிஸ் சபையின் கைக்குப் போனது. கேர்துவின் காகிதங்களைக் கேட்க நாதியில்லை. நல்லவேளையாகத் தெவோ என்ற பீரங்கிப்படை அதிகாரி அந்த நூலைத் தன் கையால் திருத்தி எழுதி 1777-இல் பிரான்சுக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பிரதியை சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் லண்டனில் கண்டெடுத்தார். துபுவாவின் பக்கங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, துபுவாவின் நூலில் பெரும்பகுதி கேர்துவினுடையது என்று 1987-இல் நிறுவினார். அதை வெளியிட்டது, நம் துய்மா வீதியில் கிளை வைத்திருக்கும் தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி. துபுவா தம் நூலில் கேர்துவின் பெயரைச் சொல்லவே இல்லை.

துபுவாவை வெறும் திருடர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. மைசூரில் அம்மைப்பால் குத்தும் வேலையை முன்னின்று நடத்தியவர் அவர். மைசூர் அனுபவங்கள் பலவற்றைச் சொந்தமாகவும் சேர்த்திருக்கிறார். என்னை உறுத்துவது வேறொன்று. அந்த நூல் மூன்று பாகம். இரண்டாம் பாகம் முழுக்கப் பிராமணர்களின் வாழ்க்கை நிலைகள். மற்ற எல்லாரும் மிச்ச இடத்தில் அடங்கவேண்டும். சாதி ஏற்பாடுதான் இந்தத் தேசத்தைக் காட்டுமிராண்டித்தனத்திலிருந்து காத்தது என்றும் அவர் எழுதுகிறார். அந்த ஏற்பாட்டின் அடியில் கிடந்தவர்களைக் கேட்டிருந்தால் அப்படி எழுத வந்திருக்குமா? கேர்துவுக்குச் சொன்னவர்கள் யார், துபுவாவுக்குச் சொன்னவர்கள் யார் என்றும் அதில் தெரியாது. கேர்துவின் பெயரையாவது 200 வருடம் கழித்து ஒரு அம்மாள் மீட்டார். வாய்விட்டுச் சொன்ன நம்மவர்களின் பெயரை யார் மீட்பது?

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்துத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

1981 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் வாத்தியார்களைத்தான் வேலைக்குப் போட்டார்கள். நானும் போனேன். எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். தெருக்களை முடித்துக் காலனிப் பக்கம் திரும்பியபோது உச்சி வெயில். ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணைக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார். "அங்க எதுக்கு வாத்தியாரே அலையிறீங்க? எல்லாம் எனக்குத் தெரிஞ்ச சனம்தான். நான் சொல்றேன், எழுதிக்குங்க." எழுதிக்கொண்டேன். எழுத்தறிவுக் கட்டம் வந்தபோது அவர் சிரித்தபடி கையை விரித்தார். வயசானவர்கள் அத்தனை பேருக்கும் 'இல்லை' என்று போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பையனின் பள்ளிச் சேர்க்கை விஷயமாக அந்தக் காலனிக்குப் போக நேர்ந்தது. ஒரு வாசலில் எழுபது வயதுக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு! பழைய சொல்தா. சைகோனில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர். எனக்குத் தெரிந்த பிரெஞ்சைவிட அவருடையது நாலு பங்கு சுத்தம். பேச்சுவாக்கில் கேட்டார்: "கணக்கெடுக்க ஊருக்கு வந்தீங்களாமே. எங்க வூட்டுக்கு எப்ப வந்தீங்க வாத்தியாரே?"

வெளியூர் போயிருந்திருப்பீர்கள் என்று ஏதோ உளறினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் காபி போடச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். படிவங்கள் அதற்கு முன்பே கட்டுக்கட்டாகப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன.