எழுத்தா, சொல்லா? மணலில் தொடங்கிய ஒரு வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கப்பள்ளி வகுப்பொன்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி பட அட்டைகளைப் பார்த்து ‘மரம்’, ‘பழம்’, ‘படம்’ எனத் தடையின்றிப் படித்தாள். படங்களை மறைத்தபோது ‘பழம்’ என்பதைப் ‘படம்’ என்றாள். ‘மடம்’ என்று எழுதிக் காட்டியபோது வாய் திறக்கவில்லை. அருகிலிருந்த சிறுவன் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் இசையோடு ஒப்பித்தான். ‘எ’ என்பதை மட்டும் தனியே காட்டியதும், விரல்விட்டு ‘அ’விலிருந்து எண்ணத் தொடங்கினான். இருவரும் உழைத்துக் கற்றிருந்தனர். ஆயினும் இருவருக்கும் படிப்பு இன்னும் வாய்க்கவில்லை. சொல்லை முழு வடிவாகக் காட்டும் முறையின் குறையைச் சிறுமியிடமும், எழுத்தை வரிசையாக மனனம் செய்விக்கும் முறையின் குறையைச் சிறுவனிடமும் கண்டேன். இவ்விரு முறைகளும் எங்கிருந்து வந்தன என்பதை எண்ணிப் பார்ப்பது ஆசிரியர்க்குப் பயன்தரும்.

திண்ணைப் பள்ளியில் குழந்தை விரலால் மணலில் எழுத்தை வரைந்து, வரையும்போதே உரக்கச் சொன்னது. கண், கை, செவி, நா ஆகிய நான்கும் ஒரே எழுத்தின்மேல் குவிந்தன. இம்முறை உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றது தற்செயலாகத்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப்புறப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியில் அதனைப் புகுத்த ஆசிரியர்கள் தயங்கவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். மாணவனே மாணவர்க்குக் கற்பிக்கும் அம்முறையை விளக்கி 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் இங்கிலாந்தெங்கும் பரவியது. தமிழ் மண்ணின் மணற்பலகை, ஆங்கிலக் குழந்தைகளின் கையில் சேர்ந்தது.

ஆயினும் ஆங்கிலத்திற்கென ஓர் இடர்ப்பாடு இருந்தது. அம்மொழியில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘சி, ஏ, டி’ என்று பெயர்களைக் கூட்டினால் ‘கேட்’ என்னும் சொல் பிறவாது. இருபத்தாறு எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. எனவே 1840களில் அமெரிக்கக் கல்வியாளர் ஹொரேஸ் மேன், எழுத்தை விடுத்து முழுச்சொல்லிலிருந்து தொடங்குக என வாதிட்டார். எட்வர்ட் டால்ச் 1936இல் தொகுத்த 220 சொற்களின் பட்டியல் இன்றும் வகுப்புகளில் உலவுகிறது. இதற்கு எதிர்ப்பாக 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூல் பெரும் பூசலைக் கிளப்பியது. ஜீன் சால் 1967இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைத் தொடக்கத்திலேயே முறையாகக் கற்பிப்பது நலம் என்னும் முடிவுக்கு வந்தார். அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கையும் அதனை வலியுறுத்தியது.

இப்பூசலை அப்படியே தமிழுக்கு இறக்குமதி செய்தல் பொருந்துமா? ‘க, ட, ல்’ என்று கூட்டினால் ‘கடல்’ பிறந்துவிடுகிறது. எழுத்தின் ஒலியே அதன் பெயராக நிற்கும் வசதி நமக்குண்டு. ஆயினும் நம் முன்னோரும் ‘ஆனா, ஆவன்னா, கானா’ என்று பெயர்களை ஓதியவர்களே. எழுத்தைச் சுட்டக் கரம், காரம், கான் என்னும் சாரியைகள் வரும் என்று தொல்காப்பியர் தனியே வகுத்ததிலிருந்து, பெயரும் ஒலியும் வேறென்னும் தெளிவு பழையது என அறிகிறோம்.

முழுச்சொல்லை நோக்கிப் படிப்பதும் நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவது அரிது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் வரிவடிவில் விளங்கவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றின. ஆகவே, சொல்லை முன்னரே அறிந்தவரே சுவடியைப் படிக்க முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமும், பின்னர் நிலைபெற்ற அச்சும் எழுத்தை ஐயமற்றதாக்கின. முன்பின் அறியாத சொல்லையும் ஒரு குழந்தை படித்துவிடலாம் என்னும் நிலை அதன் பின்னரே வாய்த்தது. 1978இல் தமிழ்நாடு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை முதலியவற்றை ஏனைய ஐகார வரிசையோடு ஒப்பாக்கிச் சுமையை மேலும் குறைத்தது.

எஞ்சிய சுமைகள் இரண்டு. முதலாவது, இடத்திற்கேற்ப ஒலி மாறுதல். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலிப்பு மூன்று. தமிழ் கேட்டு வளர்ந்த செவிக்கு இது தடையன்று. ஆங்கிலத்தில் முதலில் படிக்கக் கற்ற குழந்தை இங்கே தடுமாறும்.

இரண்டாவது சுமை பெரிது. வீட்டில் ‘வர்றாங்க’ என்று கேட்கும் குழந்தை, ‘வருகிறார்கள்’ என்று பிழையின்றி எழுத்துக்கூட்டிய பின்னும் பொருள் புரியாமல் விழிக்கிறது. ஒலித்தது வாய், உணரவில்லை உள்ளம்.

நம் வட்டாரத்தில் இதன் கனம் கூடிவிட்டது. பினாங்கில் 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கிய காலத்திலும், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பின் தோட்டங்களில் பள்ளிகள் பெருகிய காலத்திலும், குழந்தை தமிழ் பேசிக்கொண்டே பள்ளிக்கு வந்தது. எழுத்து மட்டுமே புதிது. மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அம்மரபைக் காக்கின்றன. சிங்கப்பூரிலோ 1982இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. இங்குள்ள குழந்தைகள் பலருக்கு எழுத்தும் சொல்லும் ஒருங்கே புதியன. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு, நல்ல பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளித்ததன் காரணம் இதுவே. செவி அறியாத சொல்லைக் கண் எவ்வாறு அறியும்?

ஆதலின் ‘எழுத்தா, சொல்லா?’ என்னும் வினாவுக்கு என் விடை இது: முதலில் செவிக்குச் சொல், பின்னர்க் கைக்கும் கண்ணுக்கும் எழுத்து, மீண்டும் எழுத்தால் கட்டிய சொல். ட, ப, ம என்னும் எளிய வடிவங்கள் மூன்றும் புள்ளியும் போதும். ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’ எனக் குழந்தை தானே கட்டத் தொடங்கும். இருநூற்று நாற்பத்தேழையும் முடிக்கும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று அச்சிறுமியின் மேசைமேல் விரலால் ‘ம’ என்று எழுதிச் சொல்லச் சொன்னேன், அடுத்து ‘ட’, அடுத்து ‘ம்’. மூன்றையும் மெல்லக் கூட்டி ‘மடம்’ என்றவள், “அப்படீன்னா என்ன ஐயா?” என்று கேட்டாள். அவள் படித்த முதற்சொல் அதுவே. பொருளைத் தேடி அவள் எழுப்பிய அவ்வினாவில்தான் அவளது வாசிப்புத் தொடங்கிற்று.