முட்டைகளின் கணக்கு

1983இல் டோக்கியோவில் சதோஷி தஜிரி என்ற இளைஞர் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். கையால் எழுதி, நகலெடுத்து, தாமே பின் அடித்து விற்ற பத்திரிகை. பெயர் 'கேம் ஃப்ரீக்'. விஷயம் இலக்கியம் அல்ல, வீடியோ விளையாட்டுகள். கடையில் அதைப் பார்த்துவிட்டு கென் சுகிமோரி என்ற ஓவியர் வந்து சேர்ந்துகொண்டார். பிறர் செய்த விளையாட்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள், 1989இல் அதே பெயரில் ஒரு கம்பெனி வைத்துத் தாங்களே விளையாட்டுகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். விமர்சகன் படைக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நம் வட்டத்தில் அடிக்கடி எழுவதுதான். அங்கே அதற்குக் கிடைத்த பதில், 1996 பிப்ரவரி 27 அன்று நிண்டெண்டோவின் 'கேம் பாய்' என்ற கையடக்க இயந்திரத்துக்காக வெளிவந்த போக்கிமான்.

டோக்கியோவின் ஓரத்திலுள்ள மச்சிதாவில் வளர்ந்தவர் தஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்து அலைந்தவர். வயலும் குளமும் கட்டடங்களுக்கு இடம்விட்டு மறைவதைக் கண்ணால் பார்த்தவர். இரண்டு கேம் பாய்களை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று அறிந்தபோது, அந்தக் கம்பி வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதாக அவர் மனதில் ஒரு சித்திரம் எழுந்ததாம். போக்கிமானின் பிறப்பு இது. காட்டில் ஜீவன்களைப் பிடிப்பது, பழக்குவது, நண்பனோடு மாற்றிக்கொள்வது, சண்டைக்கு விடுவது. முதலில் இருந்தவை 151 வகைகள்.

பூச்சி பிடித்த எந்தச் சிறுவனுக்கும் தெரியும்: ஒரே ஜாதி வண்டு இரண்டு, ஒன்று போல மற்றது இராது. ஒன்றின் கொம்பு நீளம், மற்றதின் கால் வலு. இந்த அனுபவ உண்மையை இயந்திரத்துக்குள் கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. பிடிபடும் ஒவ்வொரு ஜீவனுக்குள்ளும் நான்கு எண்கள் மறைத்து வைக்கப்பட்டன. தாக்குதல், தற்காப்பு, வேகம், விசேஷ சக்தி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண், குலுக்கல் முறையில். உயிர்பலம் அந்த நான்கிலிருந்தே கணிக்கப்பட்டது. ஆக, ஒரே வகைக்குள் 65,536 வேறுபாடுகள். இந்த எண்கள் திரையில் எங்கும் தெரியாது. ஆடுகிறவனுக்குத் தன் ஜீவன் மற்றவனுடையதிலிருந்து ஏதோ விதத்தில் வேறு என்று மட்டும் தெரியும். வேறுபாட்டைக் காட்டுவதற்காக வைத்த எண் இது. தரம் பிரிக்க வைத்தது அல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் மறைத்து வைத்ததைத் தோண்டி எடுப்பவர்கள் எங்கும் உண்டு. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, மூன்று சொற்களை உண்டாக்கினார்கள். ஷுஸோகுச்சி: இனத்தின் மதிப்பு. கொதாய்ச்சி: அந்த ஒன்றின் தனி மதிப்பு, பிறப்போடு வந்தது. தொர்யோகுச்சி: உழைப்பின் மதிப்பு, சண்டையிட்டுச் சேர்த்தது. ஒரு ஜீவனின் பலம் இம்மூன்றும் சேர்ந்தது. இவற்றைத் தமிழில் எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. இனம், பிறப்பு, உழைப்பு என்று ஒரு ஜீவனைக் கூறுபோட்டு மதிப்பிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

1999 நவம்பர் 21இல் வெளிவந்த அடுத்த பாகங்களில் முட்டை வந்தது. ஒரு கிழவனும் கிழவியும் நடத்தும் பராமரிப்பு இல்லத்தில் ஆணையும் பெண்ணையும் விட்டுவைத்தால், கொஞ்ச நேரம் கழித்து அங்கே ஒரு முட்டை இருக்கும். எப்படி வந்ததென்று தெரியவில்லை என்பார்கள் அவர்கள். குழந்தைகளுக்கான விளையாட்டில் இந்த நாசூக்கு அவசியம்தான். உள்ளே இருந்த கணக்கில் அந்த நாசூக்கு இல்லை. தாக்குதல் எண்ணை வைத்தே ஆணா பெண்ணா என்று நிர்ணயித்தார்கள். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கும் வகையில், 7 வரை பெண், 8 முதல் ஆண். பெண்ணாகப் பிறந்தாலே தாக்கும் பலம் குறைவு என்றாயிற்று. 2002 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறைப் பாகங்களில்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

அதே 2002இல் கணக்கு விரிந்தது. எண்கள் ஆறு, ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை. கூடவே 25 சுபாவங்கள். உழைப்புப் புள்ளிகளுக்கு 510 என்று ஒரு மொத்த வரம்பு. ஆறும் 31 ஆக ஒன்று தானாகக் கிடைக்கும் வாய்ப்பு 107,37,41,824இல் ஒன்று. உச்ச நிலையில்கூட ஒரு குணத்தில் இதனால் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 31 புள்ளிகள்தான். ஆனால் வேகத்தில் ஒரு புள்ளி கூடினாலே முதல் அடி நம்முடையது. போட்டிக்குப் போகிறவனுக்கு அந்த ஒரு புள்ளி போதும்.

பெற்றோரின் எண்களில் சில குஞ்சுக்கு இறங்கும் என்பதால், நல்ல எண் உள்ளவற்றைச் சேர்த்து, பிறந்ததில் சிறந்ததை எடுத்து, மறுபடி சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வடிகட்டினார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கென்சென், கறாரான தேர்வு. முட்டை பொரிய நடக்க வேண்டும். நீளமான ஒரு பாதையில் சைக்கிளில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பாதைக்கு ஹைஜின் பாதை என்று அவர்களே பெயரிட்டார்கள். ஹைஜின் என்றால் உருப்படாமல் போனவன். தங்களைப் பற்றிய பிரக்ஞை அவர்களுக்கு இல்லாமலில்லை.

தேறாதவை? பெட்டிகளில் அடைபடும். அல்லது விடுவிக்கப்படும், திரையில் விடைகொடுக்கும் ஒரு வரி வரும். 2013இல் முகம் தெரியாதவரோடு மாற்றிக்கொள்ளும் வசதி வந்தபோது கழிவுகளை அதில் தள்ளினார்கள். எங்கோ ஒரு சிறுவனுக்கு அது பொக்கிஷமாகவும் போய்ச் சேர்ந்திருக்கும். தேறியதற்கும் கழிந்ததற்கும் உருவத்தில் வித்தியாசம் எதுவும் கிடையாது. அதே கண், அதே குரல். வேறுபாட்டைக் கொண்டாட வந்த எண் குறையைக் காட்டும் எண்ணாகிவிட்டது. சிறந்தவை எல்லாம் 31, 31, 31 என்று ஒன்றுபோல் ஆகி, தனித்தன்மைக்கென வைத்த இடத்தில் தனித்தன்மை இல்லாமல் போயிற்று.

படைத்தவர்களுக்கு இது உறைத்திருக்க வேண்டும். அதே 2013 அக்டோபரில், ஜப்பானியத்தில் 'சிவப்பு நூல்' என்று பெயருள்ள ஒரு பொருளுக்குப் புதிய சக்தி கொடுத்தார்கள். விதி சேர்த்துவைக்கும் இருவரைக் கட்டும் நூல் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. அதைப் பெற்றோரில் ஒன்றிடம் கொடுத்தால், இருவரின் பன்னிரண்டு எண்களில் ஐந்து குஞ்சுக்கு இறங்கும். காதலின் நூல் வம்சக் கணக்கின் கருவியாயிற்று. 2016இல் இன்னொரு வழி: உச்ச நிலை அடைந்த ஜீவன், வெள்ளி மூடி ஒன்றைக் கொடுத்துப் பயிற்சி பெற்றால், குறைந்த எண் 31 ஆனது போலவே சண்டையிடும். 2019இல் ஒரு புதினா இலை சுபாவத்தின் பலனை மாற்றியது.

இந்தச் சலுகையில் ஒரு நுட்பம் உண்டு. மூடி உள்ளிருக்கும் எண்ணைத் தொடுவதில்லை. குஞ்சுக்கு இறங்குவது பழைய எண்ணே, பழைய சுபாவமே. உழைத்துப் பெற்றது உழைத்ததோடு நிற்கும். பிறப்பு மட்டும் வம்சத்தில் தொடரும். உயிரியலில் இது சரி என்பார்கள். ஆனால் விளையாட்டின் உலகம் மனிதன் வகுத்தது. வேறு விதமாகவும் வகுத்திருக்கலாம். 2023இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் சிலர் நீக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஜீவன்கள் விளையாட்டுக்குள் பிறக்காமல் வெளியில் எண்களாகச் செய்யப்பட்டவை என்பது காரணம். வளர்த்தாலும் கிடைத்திருக்கக்கூடிய எண்கள்தாம். பிறந்த விதம் சரியில்லை.

எதிர்ச்சாட்சியும் ஒன்று உண்டு. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் செ-ஜுன், பச்சிரிசு என்ற மின்சார அணிலோடு வந்தார். இன மதிப்பின் மொத்தம் 405. அவர் அணியிலேயே இருந்த கார்ச்சாம்ப்புக்கு 600. யாரும் பொருட்படுத்தாத ஜீவன். அது எதிரியின் அடிகளைத் தன் மேல் திருப்பி வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்ததைக் காப்பாற்றியது. பார்க் உலக சாம்பியனானார். இதை எளியவனின் வெற்றி என்று கதை பண்ண நான் தயாராக இல்லை. அந்த அணிலும் தாங்குவதற்கென்றே கணக்காக வளர்க்கப்பட்டதுதான். ஆனால் எதற்கு நல்லது என்ற கேள்வியை எவ்வளவு நல்லது என்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

இந்த விளையாட்டின் ஆரம்பத்தில் ஒரு பேராசிரியர் மூன்று ஜீவன்களைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார். சிறுவன் நிறத்தைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ ஒன்றை எடுக்கிறான். அதற்குள்ளும் குலுக்கலில் விழுந்த எண்கள் உண்டு. பெரும்பாலானோர் அவற்றைப் பார்க்காமலே கடைசிவரை அதோடு போய்ச் சேர்கிறார்கள். கணக்குக் கற்றுக்கொண்டவன் முதலில் பெட்டிக்குள் வைப்பது அதைத்தான்.