பெயரைத் தொலைத்த சீஸும் எங்க ஊர் பால்கோவாவும்

போன மாதம் வெளியூர் பேருந்து நிலையம் ஒன்றில் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று எழுதியிருந்த பெட்டியை வாங்கினேன். வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பால்கோவா :-) ஆலங்குளத்துக்காரனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் பாவம்! அந்த எரிச்சலில் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த சீஸ் கதை கிடைத்தது.

சீஸ் என்றதும் நமக்கு பீட்சாவில் நூல் மாதிரி இழுபடுவதுதான் ஞாபகம் வரும். நான் சொல்வது கமாம்பேர். பிரான்சில் நார்மண்டிப் பக்கம் ஒரு சின்ன கிராமத்தின் பெயர் அது. பாலை உறைய வைத்து, கட்டியைக் கரண்டியால் அள்ளி வட்ட அச்சில் போட்டு, நீர் வடிந்ததும் உப்பு போட்டு வைப்பார்கள். மேலே வெள்ளைப் பூஞ்சை பூக்கும். (முகம் சுளிக்காதீர்கள், அதுதான் ருசியே!) அந்தப் பூஞ்சை வெளியிலிருந்து உள்நோக்கி சீஸை இளக்க, சுமார் மூன்று வாரத்தில் உள்ளே வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்.

இது பணக்காரத் தீனியாகப் பிறக்கவில்லை. மிஞ்சிய பாலை வீணாக்காமல் இருக்க சின்னப் பண்ணைகள் கண்ட வழி. இத்தாலியில் ரொக்கவெரானோ என்ற ஊரின் ரோபியோலா சீஸில் பாதியாவது ஆட்டுப்பால் இருக்க வேண்டும். மீதிக்குப் பசும்பாலும் செம்மறிப்பாலும் சேர்க்கலாம். எங்க அப்பத்தா பசும்பாலையும் எருமைப்பாலையும் ஒரே கேனில் ஊற்றுவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான்.

சரி, கமாம்பேருக்கு வருவோம். 1791-ல் மரீ ஹரேல் என்ற பெண்மணி இதைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊரில் சொல்லும் கதை. 1850-களில் ரயில் வந்ததும் சீஸ் பாரிஸ் போனது. 1890-ல் ரிடெல் என்ற பொறியாளர் மெல்லிய மரப்பெட்டி செய்து தர, வெளிநாட்டுக்கும் போனது. முதல் உலகப்போரில் பிரெஞ்சு சிப்பாய்களின் சாப்பாட்டிலும் சேர்ந்தது. அப்புறம் என்ன, ஆளாளுக்கு "கமாம்பேர்" செய்ய ஆரம்பித்தார்கள். நார்மண்டிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1926-ல் வந்த தீர்ப்பு: கமாம்பேர் என்பது பொதுப்பெயர் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் வைக்கலாம்!

1983-ல் "கமாம்பேர் தெ நார்மண்டி" என்ற நீளப் பெயருக்கு மட்டும் பாதுகாப்பு கிடைத்தது. காய்ச்சாத பால், கரண்டியால் அள்ளி ஊற்றுவது என்று கறாரான விதிகள். ஆனால் பெரிய தொழிற்சாலைகள் பதப்படுத்திய பாலில் செய்து, "நார்மண்டியில் தயாரித்த கமாம்பேர்" என்று பெட்டியில் போட்டு விற்றன. கடையில் அவசரமாக வாங்குபவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?

இப்போது நம்ம கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கான இந்தியச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. டிரேட்மார்க் ஒரு நிறுவனத்தின் சொத்து, புவிசார் குறியீடோ அந்தப் பகுதியில் தயாரிக்கிற எல்லோருக்கும் பொது. பதிவு 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஆனால் பதிவு செய்துவிட்டால் போலி தானாக நின்றுவிடாது. யாராவது கேஸ் போட வேண்டும், வாங்குகிறவர்களும் கேள்வி கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நார்மண்டிக்கு நடந்ததுதான் நமக்கும்.

வணிகவியல் மாணவனாக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. சங்கத்தில் பாலுக்குக் கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் இரண்டையும் பார்த்துத்தான் விலை. ஊர்ப் பெயருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பெயரால் வருகிற லாபத்தில் ஒரு பங்கு பால் ஊற்றுகிறவர் கைக்கும் வந்தால்தானே, பெயரைக் காப்பாற்ற அவரும் நிற்பார்?

அடுத்த முறை பெட்டி வாங்கும்போது, தயாரித்த இடம் எது என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கித்தான் ஏமாந்தேன்.