பூசணி இல்லாத பூசணிக் காப்பியும் காப்பி இல்லாத சுக்குக்காப்பியும்



மார்கழித் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் சில நாள்தான் இருக்கிறது. கோவில் முன்னால் பந்தல் வேலை நடக்கிறது. போன வாரம் வெளிநாட்டில் படிக்கும் என் பேத்தி வீடியோ காலில் வந்தாள். "பாட்டி, இங்க கிறிஸ்துமஸுக்குன்னு கடையில மசாலா போட்ட லாத்தே விக்கிறாங்க. ஒரு கப்பு விலைக்கு நம்ம ஊர்ல ரெண்டு பேர் சாப்பிடலாம். வீட்டுலயே போட முடியுமா?" என்று கேட்டாள். "அதுல என்னல்லாம் கெடக்கு மக்களே?" என்றேன். பார்த்து வாசித்தாள். பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்பு, சீனி, பால், காப்பி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்தாவர்ணத்தன்று ராத்திரி நம்ம தேரடியில் விற்கிற சரக்குக்கு இது ஒன்றுவிட்ட தங்கை அல்லவா? அன்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தது பாதியில் நின்றுபோனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்முறை மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிக்குப் போகலாம். ஆனால் நடுவில் உள்ளதையும் வாசித்தால் சந்தோஷப்படுவேன்.

அவள் சொன்ன வகையைப் பெரிய அளவில் ஊருக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கம்பெனி. 2003இல் 'பூசணி மசாலா லாத்தே' என்று பெயர் வைத்து விற்றார்கள். லாத்தே என்றால் இத்தாலிய மொழியில் பால், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 2015 வரைக்கும் அதில் பூசணிக்காயே கிடையாது. அங்கே பூசணிப் பணியாரத்தில் போடுகிற பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய் வாசனையை வைத்துப் பூசணி என்ற பெயர். நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. சுக்குக்காப்பி! சுக்கு, மல்லி, நல்லமிளகு, கருப்பட்டி எல்லாம் இருக்கும். எங்கள் வீட்டில் அதில் ஒரு சிட்டிகை காப்பித்தூள்கூடப் போட்டதில்லை. பிறகு எப்படி அது காப்பி ஆனது?

சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பது நம் பாட்டிமாருடைய பாட்டிமாருக்கும் தெரியும். அதற்குக் கசாயம் என்று பெயர். சுக்கு வெந்நீர் என்றும் சொல்வார்கள். காப்பி இந்த நாட்டுக்கு வந்ததோ வெகு பிந்தி. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி அடியார் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பும்போது ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது செவிவழிக் கதை. தமிழ் வீடுகளுக்குள் அது பரவலாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். நம்ம நாகர்கோவில் காலச்சுவடு போட்ட புத்தகம்தான். நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த சனங்கள் காப்பிக்கு மாறியபோது எவ்வளவு பேர் பதறிப்போனார்கள் என்று அதில் இருக்கிறது.

ஆக, பானம் பழசு, பெயர் புதுசு. காப்பி கௌரவமான பொருளாக வந்து உட்கார்ந்த பிறகு, சூடாகவும் கறுப்பாகவும் இனிப்பாகவும் இருந்த நம் கசாயமும் அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டது. மருந்து என்றால் பிள்ளைகள் ஓடும், காப்பி என்றால் ஓடிவரும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெயர் அதோடும் நிற்கவில்லை. நம்ம பக்கம் காலைச் சாப்பாட்டுக்கே காப்பி என்றுதானே பெயர்! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாறுதலாகி வந்திருந்தார். தினமும் அவரிடம் "காப்பி குடிச்சாச்சா டீச்சர்?" என்று கேட்பேன். "ஆச்சு, ஆச்சு" என்பார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பாவம், வெறும் காப்பியைக் குடித்துவிட்டு மத்தியானம் வரை பசியோடு பாடம் நடத்தியிருக்கிறார். மறுநாளிலிருந்து அவருக்கும் சேர்த்து இட்லி கொண்டுபோனேன்.

சரி, சரக்குகளுக்கு வருவோம். நல்லமிளகுக்கு நான் பெரிய பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததற்குப் பின்னால் இருந்தது மிளகு வியாபாரம்தான். அந்தச் சண்டையில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது காட்டியிருக்கிறேன்.

கிராம்புக் கதை பலருக்குத் தெரியாது. அது நம் நாட்டுச் செடியே இல்லை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்தது. அதையும் டச்சுக்காரர்கள் யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1800 வாக்கில் ஆங்கிலக் கம்பெனியார் அந்தக் கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் தோட்டம் போட்டார்கள். அது பிடித்துக்கொண்டதும், 1850க்குப் பிறகு தென்திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. நம்ம மாறாமலைக் கிராம்பு அப்படி வந்த வம்சம். 2021இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பேத்தி பெரிய கடையில் காசு கொடுத்துக் குடிக்கிற வாசனை, இங்கே கீரிப்பாறை ஏறினால் காற்றிலேயே வரும்.

காப்பியும் நம் மலையில் விளைந்ததுண்டு. 1860களில் வெள்ளைக்காரத் துரைமார் அசம்பு மலையில் காடு வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டார்கள். 1869இல் இலங்கையில் காப்பி இலையில் ஒரு துருநோய் கண்டது. அது சில வருடங்களில் இந்தப் பக்கமும் வந்து தோட்டங்களை அழித்தது. இலங்கையில் காப்பி போய்த் தேயிலை வந்ததும் அதனால்தான். கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்கு நம் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்துபோய் வழியிலேயே செத்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்று நான் சொல்ல வந்தது கருப்பட்டியைப் பற்றி.

காப்பியை நம் வீட்டுக் காப்பி ஆக்கியது கருப்பட்டிதான். என் சின்ன வயசில், அறுபதுகளில், வீட்டில் சீனி டப்பா உயரத்தில் இருக்கும். வந்தவர்களுக்குச் சீனிக் காப்பி, வீட்டாருக்குக் கருப்பட்டிக் கடுங்காப்பி. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் சீனி வாங்க ஆள் ஓடும். கருப்பட்டி என்றால் ஏழைக்கு என்று ஒரு கூச்சம். இன்று தலைகீழ்! அசல் கருப்பட்டி விலை சீனியைவிடப் பல மடங்கு. 'பாரம்பரியம்' என்று பலகை வைத்து விற்கிறார்கள்.

அதை யார் செய்தார்கள்? மாசி, பங்குனியிலிருந்து ஆனி, ஆடி வரைக்கும் பனையேறிகள் விடிகாலையும் சாயந்தரமும் மரம் ஏறுவார்கள். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது, அக்கானி. இல்லாவிட்டால் கள். இறக்கிய அக்கானியைப் பெண்கள் அடுப்புப் புகையில் நின்று மணிக்கணக்கில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பார்கள். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் திருவிதாங்கூர் அரசு வரி வாங்கியது. ஏறுகிற ஏணிக்கு ஏணிக்காணம். காலில் மாட்டுகிற தளைநாருக்குத் தளைக்காணம். ஏணிக்கும் கயிற்றுக்கும் வரி போட்ட ஊர் நம்முடையது.

அதோடு, நம் ஊர் வழியும் அவர்களுக்கு இல்லை. தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்களும், ஒடுக்கப்பட்ட மற்றச் சாதியாரும் நடக்கக்கூடாது. வைக்கம் போராட்டம் 1924, 25இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் சூடு ஆறுவதற்குள் 1926 ஜனவரியில் நம் சுசீந்திரத்திலேயே சத்தியாகிரகம் நடந்தது. டாக்டர் எம். இ. நாயுடு முன்னால் நின்றார். அடிபட்டவர்களும் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. வைக்கம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் சுசீந்திரத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இல்லை. நானாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அதற்கு அடுத்த மாதம் வந்தது மார்கழி. அந்தத் திருவிழாவில்தான் முதன்முறையாக எல்லாச் சாதியாரும் கோவிலுக்குள் போய்க் கும்பிட முடிந்தது.

என் பாட்டி அந்தக் காலத்து மனுஷி. கருப்பட்டிக்காரர் சுமையைத் தெருமுனையில் இறக்கிவைத்துக் குரல் கொடுப்பாராம், வீட்டு ஆள் போய் வாங்கிவர வேண்டுமாம். வாங்கிவந்த கருப்பட்டிமேல் தண்ணீர் தெளித்துத்தான் அடுக்களைக்குள் எடுப்பார்களாம். பாட்டி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நான் ஏழெட்டு வயசுப் பிள்ளை. "தண்ணி தெளிச்சா கருப்பட்டி கரைஞ்சி போகாதா பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று புரிவதற்கு எனக்கு ரொம்ப வருடம் ஆனது. எங்கள் வீடு தண்ணீர் தெளித்த பக்கம் இருந்த வீடு. அதை மறைத்துவிட்டு நான் கருப்பட்டிப் பெருமை பேசினால் சரியாக இருக்காது.

என் அப்பா எங்களைச் சப்தாவர்ணம் பார்க்கக் கூட்டிப்போவார். ஒன்பதாம் நாள் தேரோட்டம் முடிந்து, ராத்திரி வெகுநேரம் பனியில் காத்துக்கிடக்க வேண்டும். அடியில் கரி அடுப்பு வைத்த பித்தளைப் பாத்திரத்தோடு ஒருவர் சுக்குக்காப்பி விற்பார். அப்பா எங்களுக்கும் வாங்கித் தந்து தானும் குடிப்பார். அவர் என்ன ஆள், எந்த ஊர் என்று கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அதுதான் முதல் மாற்றம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி பேத்திக்குச் சொன்ன செய்முறை. ரெண்டு பேருக்கு.

முதலில் பொடி. சுக்கு ரெண்டு விரல் நீளம், தோலைச் சுரண்டித் தட்டிக்கொள்ளுங்கள். மல்லி ரெண்டு மேசைக்கரண்டி, நல்லமிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு, கிராம்பு மூன்று, பட்டை ஒரு சின்னத் துண்டு. எண்ணெய் விடாமல் இளஞ்சூட்டில் வறுத்துப் பொடித்துச் சலியுங்கள். சாதிக்காயைக் கடைசியில் துளி சுரண்டிப் போட்டால் போதும், கூடினால் கசக்கும். இந்தப் பொடி ஒரு வாரத்துக்கு மேல் வரும்.

100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் அடியில் நிற்கும், வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். பிறகு கொஞ்சம் கெட்டியாகும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள்.

பில்டரில் கெட்டி டிக்காஷன் 60 மில்லி. பால் 300 மில்லி, அரைத் தேக்கரண்டிப் பொடி போட்டுக் கொதிக்கவைத்து இறக்கி, மூடி ரெண்டு நிமிஷம் வையுங்கள். வடிகட்டி டிக்காஷனோடு சேருங்கள். கருப்பட்டிப் பாகு கடைசியில்தான், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துபோகும். சுக்கு இல்லையென்று பச்சை இஞ்சியைத் தட்டிப் போடாதீர்கள். பச்சை இஞ்சியில் உள்ள ஒரு சத்து பாலை உறைய வைக்கும், சீனாவில் அதை வைத்தே ஒரு பால்கட்டி செய்கிறார்கள். நுரைக்கு மெஷின் வேண்டாம். டம்ளரையும் வட்டாவையும் வைத்துக் கை உயர ஆறேழு தடவை ஆற்றினால் கடை நுரை தோற்றுப்போகும்.

பேத்தி முதல் தடவை நான் சொன்னதைக் கேட்காமல் கருப்பட்டியைக் கொதியில் போட்டு, பாலைத் திரியவிட்டு, போட்டோ அனுப்பினாள். ரெண்டாம் தடவை நன்றாக வந்ததாம். கூட இருக்கும் பிள்ளைகள் பெயர் கேட்டதற்கு 'சுசீந்திரம் லாத்தே' என்று சொல்லியிருக்கிறாள். இன்னொரு பெயர் மாற்றம், நடக்கட்டும்.

கருப்பட்டி வாங்கும்போது பளபளவென்று கல்லுமாதிரி இருப்பதை வாங்காதீர்கள், சீனி கலந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்த பனையேறிக் குடும்பம் இருந்தால் நேரே அவர்களிடமே போய், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

1926 சத்தியாகிரகத்தைப் பற்றியோ, 1936 மார்கழித் திருவிழாவைப் பற்றியோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். கருப்பட்டி சுமந்தவர்கள் வீட்டுக் கதையாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக் கதைதான் வேண்டும். தேரோட்டத்துக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், பொடி இடித்து வைத்திருக்கிறேன்.