டின்னில் வந்த பாட்டி கைமணம்

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாளன்று, எங்கள் ஊரில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், சாப்பாட்டு முடிவில் பம்ப்கின் பை வந்துவிடும். மைதாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து, தட்டில் ஓடு மாதிரி விரித்து, அதற்குள் பரங்கி விழுது, முட்டை, பால், சர்க்கரை, லவங்கப்பட்டைத் தூள் எல்லாம் கலந்து ஊற்றி, ஓவனில் வைத்து எடுத்த பலகாரம். அதைத் துண்டு போட்டுக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மாள் சொல்வதும் வருடா வருடம் ஒன்றுதான்: எங்கள் பாட்டி காலத்துப் பக்குவம், அப்படியே செய்கிறேன்.

நானும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவேன். விருந்துக்குப் போன இடத்தில் சரித்திரம் பேசுவது மரியாதை இல்லை. ஆனால் நான் குடியிருப்பது இல்லினாய் மாநிலத்துப் பியோரியா. வீட்டுக்காரருக்கு இங்கே டிராக்டரும் புல்டோசரும் செய்கிற கம்பெனியில் வேலை. ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மார்ட்டன். அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கிற பரங்கி விழுதில் பெரும்பகுதி அந்தச் சின்ன ஊர் ஆலையிலிருந்துதான் போகிறது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு பாட்டி கதையை முழுதாக நம்புவது எப்படி?

இங்கே குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் பண்டிகைக் கதை 1621இல் தொடங்குகிறது. இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்து பிளிமத்தில் இறங்கிய நூற்றுச் சொச்சம் பேரில், முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் அடுத்த இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து ஒரு விருந்து வைத்தார்கள். அந்தப் பகுதிப் பழங்குடியினரான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு ஆட்களோடு வந்தார். மூன்று நாள் நடந்தது. இதற்குச் சாட்சி, கப்பலில் வந்தவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ அந்த டிசம்பரில் ஊருக்கு எழுதிய கடிதம். அதில் பறவைகளை வேட்டையாடியது இருக்கிறது. விருந்தாளிகள் ஐந்து மான்கள் கொண்டுவந்து கொடுத்தது இருக்கிறது. பையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் வழியில்லை. கோதுமை மாவுக்குப் பஞ்சம். மாடுகள் வந்திறங்கியதே 1624இல் என்பதால் பாலும் வெண்ணெயும் கிடையாது. பரங்கிக்காய் மட்டும் நிச்சயம் இருந்திருக்கும், ஏனென்றால் அந்த மண்ணின் மக்கள் மக்காச்சோளத்தையும் அவரையையும் பரங்கியையும் ஒரே கொல்லையில் சேர்த்து விதைத்து வந்தார்கள். சோளத்தட்டில் அவரைக் கொடி ஏறும். பரங்கி இலை தரையை மூடி ஈரம் காக்கும். மெக்ஸிகோவின் வாஹாகா பக்கத்துக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் வயது என்கிறார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு அந்த விருந்தில் கிடைத்த பரங்கி, வெந்த பரங்கியாகத்தான் இருந்திருக்கும்.

அரை நூற்றாண்டு கழித்து, 1672இல், ஜான் ஜாசலின் என்ற ஆங்கிலப் பயணி நியூ இங்கிலாந்து வீடுகளில் வழக்கமாகச் செய்யும் ஒரு பரங்கிக் கறியை எழுதிவைத்திருக்கிறார். காயைத் துண்டு போட்டுப் பாத்திரத்தில் நிரப்பி, நாள் முழுக்கச் சிறுதீயில் வேகவிடுவது. காய் அடங்க அடங்க மேலே மேலே போட்டுக்கொண்டே வருவது. கடைசியில் வெண்ணெய், வினிகர், இஞ்சி. எனக்கு இதைப் படித்ததும் நாக்கில் தட்டியது எங்கள் பக்கத்துப் புளி போட்ட அரசாணிக்காய்க் கடைசல். (கொங்கு நாட்டில் பரங்கிக்காயை அப்படித்தான் சொல்வோம்.) பண்டிகை, இனிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. பரங்கி அன்றைக்கு ஏழை வீட்டு வயிற்றை நிரப்பிய காய்; கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் ஜனங்கள் அதை மாட்டுக்குப் போட்டார்கள்.

அதை ஓட்டுக்குள் ஊற்றி இனிப்பாக்கிய பெருமையும் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கப்பலேறி ஐரோப்பா போன பரங்கியைப் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் பதினேழாம் நூற்றாண்டுச் சமையல் புத்தகங்கள் பைக்குள் வைத்துவிட்டன. இங்கிலாந்தின் ஹானா வுல்லி சொன்ன முறையில் ரோஸ்மேரி போன்ற மூலிகைகளும் ஆப்பிளும் சேரும். இன்று நாம் சாப்பிடுவதற்குக் கிட்டத்தட்ட நெருங்கி வருவது 1796இல். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்டில் அமீலியா சிமன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகம். தலைப்புப் பக்கத்தில் தன்னை ஓர் அனாதை என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பாட்டி பக்குவத்துக்கு ஆதாரமான புத்தகத்தை எழுதியவருக்குப் பாட்டி இருந்தாரோ என்னவோ! அவர் இரண்டு முறை கொடுக்கிறார். ஒன்று பணக்காரத்தனமானது: பரங்கி விழுதோடு கிரீமும் ஒன்பது முட்டையும் சர்க்கரையும். மற்றது சாமானியர்களுக்கு: பால், நான்கு முட்டை, சர்க்கரைக்குப் பதில் மொலாசஸ் என்கிற கருப்பஞ்சாற்றுக் கழிவுப் பாகு, இஞ்சி. ஒரு மணி நேரம் சுடச் சொல்கிறார்.

அந்தப் பாகு எங்கிருந்து வந்தது என்று எந்தப் பண்டிகைக் கதையும் சொல்லாது. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் உழைப்பில் காய்ச்சியது. நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் மீனையும் மரத்தையும் அங்கே இறக்கிவிட்டுப் பீப்பாய் பீப்பாயாகப் பாகு ஏற்றி வந்தன. 1705இல் கோல்செஸ்டர் என்ற கனெக்டிகட் ஊர் தன் நன்றித் திருநாளையே ஒரு வாரம் தள்ளிவைத்தது. பாகு வந்து சேராததால் பை செய்ய முடியாமல் தள்ளினார்கள் என்று இன்றும் ரசித்துச் சொல்வார்கள். ஊர்த் தீர்மானத்தில் சௌகரியப்படவில்லை என்றுதான் இருக்கிறது, பாகு இல்லை. இருந்தாலும் அந்தக் கதையைப் பிறகு யாரோ நம்பும்படி சொல்ல முடிந்ததே, அதுதான் விஷயம்.

இனி வருகிறவர்தான் என்னைப் பொறுத்தவரை கதையின் நாயகி. சாரா ஜோசஃபா ஹேல், நியூ ஹாம்ப்ஷயர்க்காரர், 1788இல் பிறந்தவர். 1822இல் கணவர் இறந்தபோது கையில் ஐந்து பிள்ளைகள். அன்று உடுத்திய கறுப்பு உடையைக் கடைசிவரை மாற்றவில்லை. பிழைப்புக்கு எழுதினார். குழந்தைகளெல்லாம் பாடும் 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' அவர் வெளியிட்டதுதான். 1827இல் வந்த 'நார்த்வுட்' நாவலில் ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்து, அதில் பம்ப்கின் பைக்குத் தனி ஆசனம் கொடுத்தார். பின்னால் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மகளிர் பத்திரிகைக்கு நாற்பது வருடம் ஆசிரியர். உள்நாட்டுப் போருக்கு முன்பு நாட்டிலேயே அதிகம் விற்ற பத்திரிகைகளில் ஒன்று அது. அதுவரை தேங்க்ஸ்கிவிங் அந்தந்த மாநிலம் விருப்பப்பட்ட நாளில், பெரும்பாலும் வடகிழக்கில் மட்டும் கொண்டாடிய நாள். நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஹேல் வருடா வருடம் தலையங்கம் எழுதினார், கவர்னர்களுக்கு எழுதினார், ஜனாதிபதி மாற மாற ஒவ்வொருவருக்கும் எழுதினார். பத்திரிகையில் பையும் வான்கோழியும் செய்முறையாக வந்துகொண்டே இருந்தன. தெற்கிலும் மேற்கிலும் இருந்த பெண்கள் பார்த்தறியாத ஒரு பண்டிகைக்கு முன்கூட்டியே சமைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

1863 செப்டம்பர் 28 அன்று ஜனாதிபதி லிங்கனுக்குக் கடிதம் போட்டார். அக்டோபர் 3ஆம் தேதி அறிவிப்பு வந்துவிட்டது: நவம்பர் கடைசி வியாழன். உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஹேலுக்கு வயது எழுபத்து நான்கு.

தெற்கத்தி மாநிலங்களுக்கு இது பிடிக்கவில்லை. முன்பே 1856இல் வர்ஜீனியா கவர்னர் ஹென்றி வைஸ், ஹேலின் வேண்டுகோளை எரிச்சலோடு ஒதுக்கித் தள்ளியிருந்தார். நன்றித் திருநாள் என்ற பெயரில் வடக்கத்திப் பாதிரிகள் பிரசங்க மேடையில் அரசியல் பேசுகிறார்கள் என்பது அவர்கள் புகார். அரசியல் என்றால் அடிமை முறை. அதில் உண்மையும் உண்டு. பம்ப்கின் பையில் முடிகிற தேங்க்ஸ்கிவிங் குழந்தைப் பாட்டை 1844இல் எழுதிய லிடியா மரியா சைல்ட், அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்தியவர். அவருடைய சிக்கனச் சமையல் புத்தகத்திலும் இந்தப் பை உண்டு. முட்டை கூடினால் ருசி கூடும், மூன்றே போதும் என்கிறார். பரங்கி, வடக்கே சின்னக் குடியானவன் தன் கையால் போட்ட வெள்ளாமை. பருத்தி மாதிரி அடிமைகளை வைத்து விளைத்ததல்ல. அதனால் அது சுதந்திர மண்ணின் சின்னமாகிவிட்டது. உள்ளே இனித்த பாகைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. தெற்கில் பிறகு பண்டிகை பரவியபோதும் பரங்கி பெரிதாக எடுபடவில்லை. அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பைதான், இன்றைக்கும். கறுப்பின மக்கள் வீடுகளில் அது இல்லாமல் விருந்து இல்லை.

ஹேல் அம்மாள்மீது எனக்கு மதிப்பும் உண்டு, கோபமும் உண்டு. பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று வாதாடியவர், ஓட்டுரிமை வேண்டாம் என்றார். விடுதலையான அடிமைகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று நாவல் எழுதினார். அவர் கட்டிக்கொடுத்த பண்டிகையில் வாம்பனோவாக் மக்களுக்கு இடம் விருந்தாளியாக மட்டுமே. 1970 முதல் அந்த மக்கள் வழிவந்தவர்களும் பிற பழங்குடியினரும் அதே வியாழக்கிழமை பிளிமத்தில் கூடித் துக்கநாள் அனுசரிக்கிறார்கள்.

தேதி விவகாரம் ஒரு வேடிக்கை. கடை வியாபாரத்துக்கு நாள் கூட வேண்டும் என்று 1939இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் இழுக்க, பாதி மாநிலங்கள் கேட்க, மீதி கேட்காமல் போக, 1941இல் சட்டம் போட்டு நான்காவது வியாழன் என்று முடித்தார்கள்.

மார்ட்டனுக்கு வருகிறேன். டிக்கின்சன் என்ற குடும்பம் கென்டக்கியிலிருந்து இல்லினாய்க்கு வந்தபோது தங்கள் விதையையும் கொண்டுவந்தது. டப்பா அடைக்கும் தொழிலில் இறங்கிய அந்தக் குடும்பத்திடமிருந்து 1929இல் லிபீஸ் கம்பெனி மார்ட்டன் ஆலையை வாங்கியது. பின்னால் லிபீஸ், நெஸ்லே கைக்குப் போனது. விதைக்கு இன்றைக்கும் பெயர் டிக்கின்சன்தான்.

அம்மா கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தபோது, செப்டம்பரில் அந்தப் பக்கம் அழைத்துப்போனேன். கொடியும் இலையும் காய்ந்து சருகாகிவிட்டன. காடு முழுக்கக் காய் கிடக்கிறது. கடைகளில் ஹாலோவீனுக்குக் குவித்து வைக்கிற ஆரஞ்சு நிற உருண்டைகள் இல்லை. நீளவாக்கில், வெளிறிய சந்தன நிறத்தில், மேலே லேசாகச் சாம்பல் பூத்த காய்கள். ஒரு வண்டி முன்னால் தகட்டை வைத்து அவற்றை வரிசையாக ஒதுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த இன்னொன்று வாரி லாரியில் போட்டது. அம்மா காரை விட்டு இறங்கி வேலியோரம் நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நம்மூரு அரசாணிக்காயல்லோ? ஹாலோவீனுக்கு வாங்கியாந்தயே, அது என்ன காயின்னே தெரீல. வெறும் தண்ணியும் நாருமா இருந்துச்சு."

அம்மா தாவரவியல் படித்ததில்லை. சொன்னது அச்சு அசல் சரி. ஹாலோவீன் காய் குக்குர்பிட்டா பெப்போ. டிக்கின்சன், நம் பரங்கியின் இனமான குக்குர்பிட்டா மோஸ்கேட்டா. சதை கெட்டி, நார் குறைவு, இனிப்பு அதிகம். கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறித்தான் அது நம் ஊருக்கு வந்தது. இங்கே தமிழர் வீடுகளில் சாம்பாருக்கு வாங்குகிற பட்டர்நட்டும் அதே இனம். டப்பாவில் இருப்பது பம்ப்கினா, ஸ்குவாஷா என்ற சண்டை இங்கே அடிக்கடி கிளம்பும். பொன்னிறச் சதையுள்ள இனிப்பான ஸ்குவாஷையும் பம்ப்கின் என்றே லேபிள் ஒட்டலாம் என்று உணவு மருந்து நிர்வாகம் 1938லிருந்தே அனுமதித்து வருகிறது.

அறுவடைக் காலத்தில் ஆலைப் பக்கம் போனால் வெந்த பரங்கி வாசனை தெருவுக்கே வரும். கழுவி, நறுக்கி, ஆவியில் வேகவைத்து, தண்ணீரைப் பிழிந்து, மசித்து, டப்பாவில் அடைத்து மறுபடி சூடேற்றுகிறார்கள். வீட்டில் அரைநாள் ஆகிற வேலை. அந்த அரைநாளை டப்பா மிச்சம் பிடித்ததால்தான் நியூ இங்கிலாந்துப் பலகாரம் கலிஃபோர்னியாவரை போனது. 1950லிருந்து லிபீஸ் லேபிளிலேயே செய்முறையும் அச்சாகிறது: ஒரு டப்பா விழுது, எவாப்பரேட்டட் மில்க் என்கிற சுண்டிய பால் ஒரு டப்பா, முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, பட்டை, இஞ்சி, கிராம்பு, உப்பு. 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கால் மணி, பிறகு 350க்குக் குறைத்து முக்கால் மணி. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, தன் பாட்டியின் கையெழுத்தில் பழுப்பேறிய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். சமையல் கறை படிந்த அட்டை. வரிசை, அளவு, டிகிரி, எல்லாம் அந்த லேபிள்தான். பாட்டி ஏமாற்றவில்லை; லேபிள் கிழிந்து போகுமே என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாட்டியின் பாட்டிக்கு ஹேலின் பத்திரிகை, அதற்கு முந்தியவளுக்கு அமீலியா சிமன்ஸ். வீட்டுப் பக்குவம் என்பது எப்போதுமே எங்கேயோ அச்சாகித்தான் வந்திருக்கிறது இந்தப் பலகாரத்தில். எனக்கு அது குறையாகப் படவில்லை.

2009இல் இலையுதிர் கால மழை விடாமல் கொட்டியது. காட்டுச் சேற்றில் டிராக்டர்கள் புதைந்தன, காய்கள் கிடந்த இடத்திலேயே அழுகின, நாடு முழுக்கக் கடைகளில் பரங்கி டப்பா வைக்கிற அலமாரி காலி. ஓர் ஊரின் மழைக்கு ஒரு நாட்டின் பண்டிகைப் பலகாரம் தடுமாறியது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நான் அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். அம்மா சொன்னபடி பட்டையைக் குறைத்து ஏலக்காய் தட்டிப் போடுகிறேன். பக்கத்து வீடுகளில் யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. வாங்குகிறவர்கள் லேபிளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அதே நிற டப்பாவில் 'பம்ப்கின் பை மிக்ஸ்' என்று ஒன்று நிற்கும். அதில் சர்க்கரையும் மசாலாவும் முன்பே கலந்திருப்பதால் ஏலக்காய்க்கு வேலையில்லை.