கேர்வோகே: சுவாபியர்களின் முறைவாசல்

தென்மேற்கு ஜெர்மனியின் சுவாபியா வட்டாரத்தில், ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் பொது இடங்களை வாரத்துக்கு ஒரு வீட்டார் என்று முறைவைத்துச் சுத்தம் செய்யும் வழக்கம் கேர்வோகே. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், குறிப்பாகத் தலைநகர் ஸ்டுட்கார்ட்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இது ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்து முறைவாசலை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

வீட்டுக்குள் அவரவர் எப்படி இருக்கிறார்கள் என்பதை இது கேட்பதில்லை. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடமே இதன் எல்லை. கேர்வோகேயில் சிறியது, பெரியது என இரு வகை உண்டு. சிறிய கேர்வோகேயில் தன் தளத்து நடையும் அங்கிருந்து இறங்கும் மாடிப்படியும் அடங்கும். அதை அந்தத் தளத்து வீட்டார் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். பெரிய கேர்வோகே கட்டடம் முழுவதற்குமானது. நுழைவாயில், நிலவறை, முற்றம், தெருவோர நடைபாதை எல்லாம் அதில் வரும். குளிர்காலத்தில் நடைபாதைப் பனியை அள்ளும் பொறுப்பும் பல கட்டடங்களில் இதோடு சேர்ந்துகொள்ளும்.

யாருடைய முறை என்பதை ஒரு சிறு பலகை சொல்லும். ‘கேர்வோகே’ என்று எழுதிய அட்டையோ மரத்துண்டோ முறைக்காரர் வீட்டுக் கதவில் தொங்கும். வேலை முடிந்ததும் அவர் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார். பேச்சே இல்லாமல் கடமை கைமாறிவிடும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுதான். படியேறும் ஒவ்வொருவர் கண்ணிலும் பலகை படுவதால் தனியாக ஒரு மேற்பார்வையாளர் தேவைப்படுவதில்லை. ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் வேலை பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும். அன்று தூசியே இல்லாவிட்டாலும் பெருக்கித் துடைத்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் அண்டைவீட்டார் உண்டு. புதிதாகக் குடிவருபவர்களுக்கு அந்தக் கண்காணிப்பு உண்மையிலேயே பாரமாக இருக்கும். வழக்கத்தைப் புகழ்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இதன் தொடக்கத்தை 1492ஆம் ஆண்டின் ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்தில் காண்பது மரபு. வூர்ட்டம்பெர்க்கை அப்போது ஆண்டவர், ‘தாடிக்காரர்’ என்று அழைக்கப்பட்ட எபெர்ஹார்ட். 1477இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் இவரே. வீட்டுக்குவீடு மாடும் பன்றியும் இருந்த காலம் அது. சாணக்குப்பையை வாரந்தோறும் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், சொந்தக் கழிப்பிடம் இல்லாதவர்கள் கழிவை இரவில் ஓடையில் சேர்க்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1714இல் தெருத் துப்புரவுக்கென்றே தனி ஆணை வந்தது. உழைப்பையும் ஒழுங்கையும் பக்தியின் பகுதியாகக் கருதிய பையட்டிச லுத்தரன் கிறித்தவம் இவ்வழக்கத்துக்கு மேலும் வலுவூட்டியதாகப் பலர் கருதுகிறார்கள்.

மான்ஃபிரெட் ரோமெல் மேயராக இருந்தபோது, 1988இல், வாராந்தரக் கட்டாயத்தை ஸ்டுட்கார்ட் நகர விதிகளிலிருந்து நீக்கினார்கள். நடைபாதையைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பு மட்டும் தெருவோர வீட்டுக்காரர்களிடமே தங்கியது. கட்டடங்களுக்குள்ளோ கேர்வோகே மறையவில்லை. வாடகை ஒப்பந்தத்திலோ அதோடு இணைந்த வீட்டு விதிகளிலோ எழுதப்பட்டிருந்தால் அது குடியிருப்பவரைக் கட்டுப்படுத்தும். இப்போது பல கட்டடங்கள் இந்த வேலையைத் துப்புரவு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு, செலவை வாடகையோடு சேரும் பராமரிப்புக் கட்டணத்தில் பகிர்ந்துகொள்கின்றன.